ஹால் ஹிக்டனின் 18 வார மாரத்தான் அட்டவணை: முதல்முறை ஓடுபவருக்குத் தைரியம் வருமா?

முதல் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த கையோடு இணையத்தில் பயிற்சி அட்டவணை தேடுபவர் கண்ணில் சீக்கிரமே படுவது ஹால் ஹிக்டனின் ‘நோவிஸ் 1’. 18 வாரம். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், ஒரு நாள் மாற்றுப் பயிற்சி, இரண்டு நாள் ஓய்வு. அவருடைய தளத்தில் அட்டவணை இலவசம். ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அச்செடுத்து பீரோ கதவில் ஒட்டிக்கொள்ளலாம். காசு கட்டிச் சேரும் செயலியும் உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஹிக்டன் 1931-இல் பிறந்த அமெரிக்கர். 1964 பாஸ்டன் மாரத்தானில் ஐந்தாவதாக வந்தவர். அமெரிக்கர்களில் அன்று அவர்தான் முதல். அப்படிப்பட்டவர் போட்ட அட்டவணையா என்று மிரள வேண்டாம். இதில் வேகப் பயிற்சி ஒன்றுகூட இல்லை. வேலை, வீடு, குழந்தை எல்லாவற்றுக்கும் நடுவில் ஓடிக்கொண்டு, ‘42 கிலோமீட்டர் நம்மால் ஆகுமா’ என்று ராத்திரியில் யோசிக்கிறவருக்காகப் போட்டது. அந்தச் சந்தேகத்துக்கு அட்டவணை எங்கே பதில் சொல்கிறது, எங்கே நம்மை நடுத்தெருவில் விட்டுவிடுகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

ஒரு நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுமார் ஓராண்டாவது ஓடிப் பழகியிருக்க வேண்டும், 5 முதல் 10 கி.மீ. வரை சிரமமில்லாமல் ஓட வர வேண்டும் என்று ஹிக்டனே சொல்கிறார். பலர் இந்த வரியைப் படிப்பதே இல்லை. சோபாவில் இருந்து எழுந்து நேரே முதல் வாரத்துக்குப் போகிறவர்களுக்கு நான்காம் வாரத்திலேயே முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி எடுக்கும். அதற்கு அட்டவணையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அட்டவணைக்குள் என்ன இருக்கிறது

கணக்கு எல்லாம் மைலில். ஒரு மைல் 1.6 கி.மீ. என்று வைத்து மாற்றிக்கொள்ளலாம். திங்கள், வெள்ளி ஓய்வு. செவ்வாய், புதன், வியாழன் தொடர்ந்து மூன்று நாள் ஓட்டம். சனிக்கிழமை லாங் ரன், அதாவது அந்த வாரத்தின் மிக நீண்ட ஓட்டம். ஞாயிறு சைக்கிள், நீச்சல், நடை என்று ஏதாவது மாற்றுப் பயிற்சி.

லாங் ரன் போகும் வரிசையைப் பாருங்கள், கிலோமீட்டரில்: 10, 11, 8, 14, 16, 11, 19, எட்டாம் வாரத்தில் அரை மாரத்தான் (21), பிறகு 16, 24, 26, 19, 29, 22, 32, 19, 13, கடைசி வாரம் போட்டி. பெரும்பாலும் இரண்டு வாரம் ஏறுகிறது, மூன்றாம் வாரம் இறங்குகிறது. வார மொத்தம் 24 கி.மீ.யில் தொடங்கி 15-ஆம் வாரத்தில் 64-ஐத் தொடுகிறது.

இந்த ஏற்ற இறக்கத்தில்தான் அட்டவணையின் உயிர் இருக்கிறது. ஐந்தாம் வாரம் 16 ஓடியவருக்கு ஆறாம் வாரம் வெறும் 11. சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டு, ‘பதினொன்று இவ்வளவு சுளுவாகப் போய்விட்டதே’ என்று நினைப்பார். ஒரு மாதத்துக்கு முன்னால் அதே 11 அவருக்குப் பெரிய தூரம். அந்த வித்தியாசத்தை உடம்பே காட்டிவிடுகிறது, வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. இறக்க வாரத்தை வீண் என்று நினைத்து ‘நன்றாகத்தானே இருக்கிறோம்’ என்று கூடுதலாக ஓடுபவர்கள் இரண்டு நஷ்டம் அடைகிறார்கள். தசைநார்களும் எலும்பும் புதிய பாரத்துக்குப் பழக இதயம், நுரையீரலைவிட அதிக நாள் எடுக்கும். அந்த அவகாசம் போய்விடுகிறது. சுலபமாக ஓடிய அனுபவமும் கிடைக்காமல் போகிறது. மூச்சு தயாராக இருக்கும்போது கால் தயாராக இல்லை என்பதுதான் முதல்முறை ஓடுபவர்களின் பெரும்பாலான காயங்களுக்கு மூலம்.

இன்னொரு நல்ல விஷயம், செவ்வாய்க்கிழமை ஓட்டம். முதல் பத்து வாரமும் 5 கி.மீ.தான். சலிப்பாக இருக்கும். இருக்கட்டும். அதே தெரு, அதே தூரம், பத்து முறை. மூன்றாம் வாரத்தில் பேச்சு திணறிய இடத்தில் ஒன்பதாம் வாரத்தில் முழு வாக்கியம் பேச வருகிறதா என்று பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. கடிகாரம் காட்டும் வி.ஓ.2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்ற அளவு) எண்ணை நம்பி ஒருநாள் குதிப்பதும் மறுநாள் சோர்வதுமாக இருப்பவர்கள் செவ்வாய்க்கிழமையைக் கவனித்தால் போதும். மணிக்கட்டில் ஒளி வைத்து இதயத் துடிப்பை அளக்கும் கடிகாரங்கள் வியர்வையிலும் பட்டை தளர்வாக இருக்கும்போதும் தப்பாகக் காட்டும். அந்தத் தப்பு நேராக வி.ஓ.2 கணக்கில் போய் ஏறும்.

பயமுறுத்தும் இடமும் உண்மையில் கடினமான இடமும்

அட்டவணையைப் பார்த்ததும் எல்லோரும் விரல் வைப்பது ஒன்பதாம் வாரத்துக்கும் பத்தாம் வாரத்துக்கும் நடுவில். 16-இல் இருந்து ஒரே தாவலில் 24! உண்மையில் அது தாவலே இல்லை. எட்டாம் வாரம் அரை மாரத்தான் ஓடியாகிவிட்டது. அதோடு ஒப்பிட்டால் கூடுவது 3 கி.மீ. மட்டும். பத்தாம் வாரத்தை நினைத்து ஒன்பதாம் வாரத்திலேயே தூக்கம் கெடுபவர்கள் இந்தக் கழித்தல் கணக்கைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நிஜமாகக் கடினமானது 13 முதல் 15 வரையான வாரங்கள். சனிக்கிழமை 29, 22, 32. இடையில் புதன்கிழமைகளில் 14, 14, 16. வார மொத்தம் 58, 53, 64 என்று நிற்கும். வேலை நாளில் 16 கி.மீ. என்றால், கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் ஓடுபவருக்கு இரண்டு மணி நேரம். ஒன்பது மணி அலுவலகத்துக்கு, குளியல், டிபன், டிராஃபிக் எல்லாம் சேர்த்தால் நாலரை மணிக்குச் செருப்பு ஸ்டாண்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். அட்டவணை இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இதில் நமது பரிந்துரை: குறைக்க வேண்டும் என்றால் புதனில் குறையுங்கள், சனியில் குறைக்காதீர்கள். 16-ஐ 12 ஆக்கலாம். அல்லது காலையில் 10, மாலையில் 6 என்று பிரிக்கலாம். ஆனால் அடுத்தடுத்து இரண்டு புதன்கிழமைகளைத் தொலைத்தால் மூன்றாவது சனிக்கிழமை அது கணக்குக் கேட்கும். களைத்த காலோடு ஓடும் பழக்கம் இந்த நடுவார ஓட்டத்தில்தான் வருகிறது.

மூன்று நாள் தொடர் ஓட்டமும் எல்லோருக்கும் ஒத்துவராது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், உடல் எடை சற்று அதிகம் உள்ளவர்கள் வியாழன் ஓட்டத்தைச் சைக்கிளாக மாற்றினால் பெரிதாக எதுவும் குறையாது. நம் ஊரில் குழுவாக ஓடுபவர்களுக்கு லாங் ரன் ஞாயிற்றுக்கிழமைதான். அப்படியானால் அட்டவணை முழுவதையும் ஒரு நாள் தள்ளுங்கள்: புதன், வியாழன், வெள்ளி ஓட்டம், சனி ஓய்வு, ஞாயிறு லாங் ரன், திங்கள் மாற்றுப் பயிற்சி, செவ்வாய் ஓய்வு. லாங் ரன்னை மட்டும் ஞாயிறுக்குத் தள்ளிவிட்டு மற்றதை அப்படியே வைத்தால் திங்கள் ஓய்வு ஒன்றுதான் மிஞ்சும், செவ்வாய்க்குள் கால் தெளியாது.

மெதுவாக ஓடுபவர்களுக்கு இந்த அட்டவணை செய்யும் பெரிய அநியாயம் 32 கி.மீ. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் 3 மணி 12 நிமிடத்தில் முடியும். 8 நிமிடம் என்றால் 4 மணி 16 நிமிடம். இரண்டும் ஒரே பயிற்சி என்று சொல்ல முடியாது. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் கிடைக்கும் பலன் அதிகம் கூடுவதில்லை, தசைச் சேதமும் மீள ஆகும் நாட்களும்தான் கூடுகின்றன என்பது பல பயிற்சியாளர்களின் நிலைப்பாடு. ஆகவே கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடத்துக்கு மேல் எடுப்பவர்கள் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடிக்கலாம்: மூன்றரை மணி நேரம் ஆனதும் நிறுத்திவிட்டு, மறுநாள் 8 கி.மீ. மெதுவாக ஓடலாம். முதல் கிலோமீட்டரில் இருந்தே நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று போவது இன்னொரு வழி. களைத்த பிறகு நடப்பதற்கும் களைக்கும் முன்பே நடப்பதற்கும் நிறைய வேறுபாடு. பின்னதில் கடைசி 8 கி.மீ. ஓட்டமாக மிஞ்சும். நடப்பது தோல்வி என்ற நினைப்பு உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: தண்ணீர் மேசைகளில் நடக்கச் சொல்பவர் ஹிக்டனேதான்.

சென்னைக் காலண்டரில் வைத்துப் பார்த்தால்

அட்டவணை வட அமெரிக்கப் பருவநிலைக்குள் பிறந்தது. சென்னை மாரத்தான் ஜனவரி தொடக்கத்தில் வருகிறது. 18 வாரம் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் முதல் வாரம். முதல் நான்கு வாரம் புழுக்கத்தில் ஓடியாக வேண்டும். விடியற்காலையிலும் காற்று ஈரமாக இருக்கும், வியர்வை உலராது, உடம்பு குளிராது. அதே வேகத்துக்கு இதயம் அதிகம் அடிக்கும். கிலோமீட்டருக்கு அரை நிமிடம் மெதுவானாலும் அது உடம்புத் தகுதியின் குறை கிடையாது. இந்த மாதத்தில் பேஸை, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தைப் பார்த்து மனம் உடைந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. செப்டம்பரில் கடிகாரத்தில் தூரம், நேரம் மட்டும் தெரியும்படி வைத்து, பேஸ் காட்டும் திரையை எடுத்துவிடுவது நல்லது. பேசிக்கொண்டே ஓட வருகிறதா என்பது ஒன்றுதான் சோதனை. டிசம்பரில் காற்று குளிர்ந்ததும் வேகம் தானாக வரும்.

பிறகு வருகிறது வடகிழக்குப் பருவமழை. அட்டவணையின் உச்சமும் மழையின் உச்சமும் ஒரே நேரத்தில். 2024 ஜனவரி முதல் வாரப் போட்டிக்குத் தயாரானவர்களுக்கு 13-ஆம் வார லாங் ரன் விழுந்தது டிசம்பர் 2, 3 தேதிகளில். மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது 3, 4 தேதிகளில். அடுத்த ஆண்டு, 2025 ஜனவரி 5 போட்டிக்கு எண்ணிப் பாருங்கள்: 13-ஆம் வாரச் சனிக்கிழமை 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த நாள். இரண்டு ஆண்டும் அதே 29 கி.மீ.! தற்செயல்தான், ஆனால் சென்னைக்காரர் இதை எதிர்பாராத இடர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அதனால் இங்கே ஓடுபவர்கள் 20 வாரமாகத் திட்டமிட வேண்டும். ஆகஸ்ட் மூன்றாம் வாரமே தொடங்கி, இரண்டு வாரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். புயல் வந்தால் அந்த வாரத்தைக் கழித்துவிட்டு, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். புயல் வராவிட்டால் ஏதாவது இரண்டு இறக்க வாரங்களை இரண்டு தடவை ஓடலாம். அது ஒருபோதும் கெடுதல் செய்யாது.

வெறும் மழை ஓடுவதற்குத் தடை ஆகாது. இடி மின்னல் தடை. தெருவில் தேங்கிய தண்ணீர் தடை. மூடி இல்லாத மேன்ஹோல் அதற்கடியில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நனைந்த சாக்ஸோடு 20 கி.மீ. தாண்டினால் கொப்புளம் நிச்சயம். விரல் இடுக்கு, அக்குள், தொடை உட்புறம், ஆண்களுக்கு மார்புக் காம்பு, பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் அடிப்பட்டை உரசும் இடம் எல்லாவற்றிலும் கிளம்பும் முன்பே வாசலின் தாராளமாகத் தடவ வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஷூவில் இருந்து இன்சோலை உருவி, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றினால் மறுநாள் காலைக்குள் உலரும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைத்தால் பசை விட்டுப்போகும். டிரெட்மில்லில் ஓடுவதாக இருந்தால் பல ஜிம் இயந்திரங்கள் 60 நிமிடத்தில் தானாக நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். மீண்டும் இயக்கி 19 கி.மீ. வரை தாங்கலாம், 29-ஐ டிரெட்மில்லில் முடிக்க முயல்வது தண்டனை.

32-க்கும் 42-க்கும் நடுவில்

பயிற்சியில் அதிகபட்சம் 32. போட்டியில் 42. ‘மீதிப் பத்தை எங்கிருந்து கொண்டுவருவது?’ இதுதான் இந்த அட்டவணையைப் பின்பற்றும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி, தளத்தில் இருக்கும் விளக்கம் போதாது. முழுத் தூரத்தைப் பயிற்சியில் ஓடினால் மீள்வதற்கே இரண்டு மூன்று வாரம் போய்விடும். அந்த வாரங்களின் பயிற்சி முழுதும் நஷ்டம். 32-ஐ ஓடும்போது அந்த வாரத்தின் மற்ற 32 கி.மீ. களைப்பும் காலில் இருக்கிறது. போட்டியன்று மூன்று வாரம் ஓய்ந்த கால். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி பத்தைவிடச் சின்னது.

ஆனாலும் அந்தப் பத்தை யாரும் தைரியத்தால் மட்டும் கடப்பதில்லை. சாப்பாட்டால் கடக்கிறார்கள். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவு. 65 கிலோ ஆளுக்கு 42 கி.மீ.க்கு 2,700-ஐ ஒட்டி ஆகும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரி. கொழுப்பும் எரியும்தான், ஆனால் மெதுவாக. வேகம் கூடக் கூட மாவுச்சத்தின் பங்கு கூடும். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிக் கால் ஈயமாகி, தலை கிறுகிறுத்து, இத்தனை நாள் பயிற்சியும் வீண் என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். மனம் பலவீனமாக இருப்பதால் வருவதில்லை. சர்க்கரை குறைந்த மூளை அப்படித்தான் பேசும்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடிக்கொண்டே சாப்பிடும் சர்க்கரைக் கூழான ஜெல், பெரும்பாலான பாக்கெட்டில் 20 முதல் 25 கிராம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25. முதல் ஜெல் 40-ஆவது நிமிடத்தில், பிறகு ஒவ்வொரு 30, 35 நிமிடத்துக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். பசி எடுக்கட்டும் என்று காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். ஜெல்லுக்கு மேல் வெறும் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். இனிப்புப் பானத்தைக் குடித்தால் சர்க்கரை வயிற்றில் கெட்டியாகி நின்று குமட்டும். தண்ணீரையும் தாகத்துக்குத் தகுந்தபடிதான். பயத்தில் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கிளாஸ் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், அது வறட்சியைவிட ஆபத்து. இதையெல்லாம் ஏழாம் வாரம் 19 கி.மீ.யில் தொடங்கி ஒவ்வொரு லாங் ரன்னிலும் ஒத்திகை பார்க்க வேண்டும், அதே பிராண்ட், அதே சுவை. முதல் நாள் இரவுச் சாப்பாடும் காலையில் சாப்பிடும் இட்லியோ பிரெட்டோவும்கூட ஒத்திகைக்குள் அடக்கம். அட்டவணையில் இதற்கென ஒரு கட்டம்கூட இல்லை என்பது பெரிய குறை.

எட்டாம் வார அரை மாரத்தானை வீணாக்காதீர்கள். அக்டோபர் கடைசியில் பக்கத்தில் போட்டி கிடைக்காவிட்டால் தெரிந்த பாதையில் தனியாக ஓடி நேரம் எடுங்கள். அதில் இருந்து மாரத்தான் நேரத்தைக் கணிக்க பீட்டர் ரீகலின் சூத்திரம் உண்டு. அரை மாரத்தான் நேரத்தை 2.085 ஆல் பெருக்கினால் வரும். 2 மணி 15 நிமிடம் ஓடியவருக்கு 4 மணி 41 நிமிடம். ஆனால் வாரத்துக்கு 60 கி.மீ. எட்டிப்பிடிக்கும் அமெச்சூருக்கு இது கொஞ்சம் ஆசை காட்டும் எண். இரட்டிப்பாக்கி அரை மணி நேரம் சேர்த்து 5 மணி என்று வைத்துக்கொள்வது பத்திரம். 4:41 என்றால் கிலோமீட்டருக்கு 6:40. 5 மணி என்றால் 7:07. இந்த 27 விநாடிதான் 35-ஆவது கிலோமீட்டரில் நடையா ஓட்டமா என்பதை முடிவு செய்கிறது. முதல்முறை 7:07-இல் கிளம்புங்கள். 30-க்குப் பிறகு தெம்பு மிஞ்சினால் முன்னால் போகிறவர்களைத் தாண்டிப் போகலாம், அந்தச் சுகமே தனி.

நாள் தவறினால்

அட்டவணை ஒட்டியிருக்கும் தாளில் காலிக் கட்டம் விழும் நாள் வரும். காய்ச்சல், கல்யாணம், ஆடிட், எதுவாகவும் இருக்கலாம். ஒரு நாள், இரண்டு நாள் தவறினால் விட்டுவிடுங்கள். திருப்பி ஓட வேண்டாம். செவ்வாயை வெள்ளியில் ஈடுகட்டினால் சனிக்கிழமை கெடும். ஒரு வாரம் போனால், போன வாரத்தின் லாங் ரன்னில் இருந்து தொடங்குங்கள். பத்து நாள் ஓய்வில் மூச்சுத் தகுதி அவ்வளவாகக் கரைந்துவிடாது. முதல் இரண்டு ஓட்டம் கனமாகத் தெரியும், அவ்வளவே. மூன்று வாரத்துக்கு மேல் போய்விட்டால், அதுவும் 10-ஆம் வாரத்துக்குப் பிறகு என்றால், அரை மாரத்தானுக்கு மாற்ற முடியுமா என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்பது புத்திசாலித்தனம். காய்ச்சல் இருந்தால் ஓட்டம் கிடையாது, பேரம் பேசாதீர்கள். டெங்கு, வைரல் காய்ச்சல் வந்து போனவர்கள் மருத்துவர் சொல்லாமல் லாங் ரன்னுக்குப் போகக் கூடாது.

வலிக்கும் பயத்துக்கும் நடுவில் பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். தொடை முழுதும் பரவலாக வலித்து இரண்டு நாளில் இறங்கினால் அது பயிற்சி வலி. எலும்பின் மேல் ஒரே புள்ளியில், விரல் நுனியால் அழுத்தினால் சுருக்கென்று குத்தினால், ஒற்றைக் காலில் குதிக்க முடியவில்லை என்றால் அது எலும்பு விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். முழங்காலின் வெளிப்பக்க வலி ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட கிலோமீட்டரில் வந்து, மேம்பாலம் இறங்கும்போது கூடினால் ஐ.டி. பேண்ட் (தொடையின் வெளிப்புறம் இறங்கும் நார்ப்பட்டை) சிக்கல். காலையில் கட்டிலில் இருந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் பிளான்டர் ஃபேசியைட்டிஸ், உள்ளங்கால் நார்ப்பட்டையின் பாதிப்பு. பின்னிரண்டும் சீக்கிரம் கவனித்தால் அட்டவணையைக் காப்பாற்றிவிடலாம். ஹிக்டன் அட்டவணையில் தசை வலுப் பயிற்சி தனியாக இல்லை. வாரம் இரண்டு முறை 15 நிமிடம் ஸ்குவாட், ஒற்றைக் கால் பாலம் (மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி இடுப்பை உயர்த்துவது), குதிகால் உயர்த்தல் மூன்றையும் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசி மூன்று வாரம், டேப்பர். ஓட்டம் குறையும்: சனிக்கிழமை 19, அடுத்து 13, கடைசி வாரம் 5, 6, 3 என்று மூன்று சிறிய ஓட்டம். இங்கேதான் தைரியம் மிக மோசமாக ஆடும். சும்மா இருக்கும் காலில் இல்லாத வலி எல்லாம் முளைக்கும். எடை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறும். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் சேர்வதால் அப்படி. எரிபொருள் நிரம்புகிறது என்றுதான் அர்த்தம். 17-ஆம் வாரத்தில் ‘ஒருமுறை சோதித்துப் பார்ப்போம்’ என்று 25 ஓடுபவர்கள் போட்டியில்தான் அதற்கு விலை கொடுப்பார்கள். அந்த வாரங்களில் ஓட்டத்துக்குப் பதில் வேறு வேலை செய்யலாம்: தாளில் அடித்துவிட்ட கட்டங்களை எண்ணுங்கள். போட்டிக்கு முதல் நாள் இரவு தூக்கம் வராது, வராவிட்டால் பரவாயில்லை. அதற்கு முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும். புது ஷூ, புது சாக்ஸ், போட்டிக்கு முன் நடக்கும் எக்ஸ்போ கண்காட்சியில் வாங்கிய புது டிஷர்ட் மூன்றும் போட்டி முடியும் வரை பையிலேயே இருக்கட்டும்.

காசு கொடுக்க வேண்டுமா, வேறு எதையாவது பார்க்கலாமா

செயலி சந்தாவில் வருகிறது. போட்டித் தேதியையும் நீங்கள் ஓடக்கூடிய நாட்களையும் கேட்டு அட்டவணையை அதற்கேற்ப அடுக்கித் தரும். ஷிப்டு வேலையில் இருப்பவர்களுக்கு உதவும். மற்றவர்களுக்கு இலவசத் தாளே மேல். தாளில் விழுந்த காலிக் கட்டம் காலிக் கட்டமாகவே கண்முன் நிற்கும். அதைச் சுற்றி நிரம்பிய கட்டங்களும் நிற்கும். சந்தேகம் வரும் நாளில் அந்த விகிதத்தைப் பார்ப்பதற்கு ஈடாக எந்த நோட்டிஃபிகேஷனும் இல்லை.

ஹிக்டனிடமே வேறு அட்டவணைகளும் இருக்கின்றன. ஏற்கெனவே 13 கி.மீ. சர்வசாதாரணமாக ஓடுபவர்கள் ‘நோவிஸ் 2’ எடுக்கலாம். லாங் ரன் அங்கே 8 மைலில் தொடங்கும், புதன்கிழமைகளில் போட்டி வேகப் பயிற்சியும் உண்டு. ஓட்டத்துக்கே புதியவர்களுக்கு 30 வார ‘நோவிஸ் சுப்ரீம்’. வாரம் மூன்று நாள்தான் முடியும் என்பவர்களுக்கு ‘மாரத்தான் 3’.

வேறு பள்ளிகளும் உண்டு. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவேயின் ஓட்டம்-நடை முறையில் லாங் ரன் 26 மைல் வரை போகும். 32-க்கு மேல் ஓடிப் பார்க்காமல் நம்பிக்கையே வராது என்கிறவர்களுக்கு அது சரி. ஆனால் மெதுவாக, உண்மையாகவே மெதுவாக ஓடும் பொறுமை வேண்டும். மிச்சிகனின் ஹான்சன் சகோதரர்கள் நேர் எதிர்: லாங் ரன் 16 மைலோடு சரி, ஆனால் வாரத்தில் ஆறு நாள் ஓட்டம். வேலைக்குப் போகும் முதல்முறை ஓட்டக்காரருக்கு அந்த ஆறு நாள்தான் முட்டுக்கட்டை. முழங்காலிலோ முதுகிலோ பழைய அறுவை சிகிச்சை உள்ளவர்கள், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் இதில் எந்தத் தாளையும் ஒட்டும் முன் மருத்துவரிடம் ஒரு டிரெட்மில் சோதனை பற்றிக் கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் அட்டவணையைவிட, நேரில் பார்த்து மாற்றித் தரும் உள்ளூர்ப் பயிற்சியாளர்தான் பொருத்தம்.